பளபளக்கும் சீட்டு ஏன் வளைகிறது?

சிறுவர் பொருள் சேர்ப்பது எக்காலத்துக்கும் உரிய இயல்பாகும். தபால் முத்திரைகளையும் தீப்பெட்டிப் படங்களையும் சேர்த்து வைத்து, இரட்டையாய் வந்தவற்றைத் தோழரோடு மாற்றிக் கொண்டவர்கள் இன்று பெற்றோராயும் பேரப்பிள்ளைகளைக் கண்டோராயும் இருக்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகளின் புத்தகப் பைகளில் இப்பொழுது இடம் பிடித்திருப்பவை சேகரிப்புச் சீட்டுகள். 63 மில்லிமீற்றர் அகலமும் 88 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட ஒரு தடித்த கடதாசித் துண்டு. ஒரு பக்கத்தில் படமும் சில எண்களும். மறுபக்கத்தில் எல்லாச் சீட்டுகளுக்கும் பொதுவான ஒரே சித்திரம். பார்வைக்கு இவ்வளவே. ஆயினும் பிள்ளைக்கு அது பொக்கிஷம்.

இச்சீட்டுகளின் வரலாறு நீண்டதன்று. ரிச்சாட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வகுத்த 'மேஜிக்: த கதரிங்' என்ற சீட்டாட்டம் 1993ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சேர்ப்பதும் ஆடுவதும் ஒருங்கே அமைந்த ஆட்டம் அது. 1996இல் யப்பானிலே 'போக்கிமொன்' சீட்டுகள் தோன்றின. 1999இல் அவை ஆங்கிலத்தில் அச்சாகி உலகெங்கும் பரவின. போக்கிமொன் பொதிகளில் தொடக்கத்திலிருந்தே சில சீட்டுகளின் படம் ஒளியில் மின்னுமாறு அமைந்திருந்தது. மேஜிக் ஆட்டத்தின் சாதாரணப் பொதிகளிலும் 1999 முதல் மின்னும் சீட்டுகள் இடம்பெறலாயின. பிள்ளைகள் 'ஃபொயில்' என்று அழைக்கும் இவற்றை நாம் மினுக்கச் சீட்டுகள் என்போம். அழகினாலும் அருமையினாலும் இவையே மாணவரிடையே மதிப்புப் பெற்றவை.

ஆனால் இம்மினுக்கச் சீட்டுகளிடம் ஒரு குணம் உண்டு. பொதியைப் பிரித்தபொழுது தட்டையாயிருந்த சீட்டு, இரண்டொரு நாளில், சிலவேளை ஓரிரு மணித்தியாலத்திலேயே, வில்லைப்போல் வளைந்துவிடுகிறது. சாதாரணச் சீட்டுகள் பக்கத்திலே தட்டையாய்க் கிடக்க, அருமையானது மட்டும் வளைந்து நிற்கிறது. கொழும்பிலே வாங்கியதாயினும், கனடாவிலிருந்து மாமா அனுப்பியதாயினும் நிலைமை ஒன்றே.

சிறுபிள்ளை விளையாட்டென்று பெரியோர் இதனைத் தள்ளிவிடுவதுண்டு. தள்ளிவிட்டால் பெரிய கேடில்லை. காரணம் அறியாமல் திருத்தப் புகுந்தாற்றான் கேடு நேர்கிறது. எமது வகுப்பு மாணவன் ஒருவன், பிறந்தநாளுக்கு வந்த சீட்டு வளைந்தது கண்டு வாடியிருந்தான். மகனுடைய வாட்டத்தைப் பொறுக்காத தாயார், அவன் பள்ளிக்கூடம் சென்றிருந்த வேளையில், அச்சீட்டின்மேல் ஒரு துணியை விரித்து மின்னழுத்தியால் தேய்த்தார். வளைவு நிமிர்ந்தது உண்மையே. ஆனால் மினுக்கப் படலம் கொப்பளித்து, படம் மங்கி, ஓரம் பிரிந்துவிட்டது. அவன் அதனைக் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்து எம்மிடம் காட்டினான். "அம்மா நல்லதுக்குத்தான் செய்தவா, சேர். நான் அவாவிட்ட ஒண்டும் சொல்லேல்லை" என்றான்.

தாயிடம் அன்பு இருந்தது. மகனிடம் பண்பு இருந்தது. சீட்டு வளைந்த காரணம் மட்டும் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. காரணம் தெரிந்தால் பரிகாரம் எளிது, செலவும் அதிகமன்று. அதனையே இங்கு எடுத்துக்கூற விழைகின்றோம்.

சீட்டின் உள்ளமைப்பு

மினுக்கச் சீட்டு ஒரே பொருளால் ஆனதன்று. அதன் உடல் தடித்த கடதாசி. அக்கடதாசியின் முகப்பிலே மிக மெல்லிய பிளாஸ்திக் படலம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். வெற்றிடத்திலே ஆவியாக்கப்பட்ட அலுமினியம் அப்படலத்தின்மீது கண்ணாடியின் பூச்சுப்போலப் படிந்திருக்கும். அதன்மேல் அச்சு மை. மைக்குமேல் ஒரு பாதுகாப்பு மெருகு. இத்தனையும் சேர்ந்த தடிப்பு ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றரே.

இப்படைகளுள் இரண்டினையே நாம் கருத்திற் கொள்ள வேண்டும். ஒன்று, கடதாசி, அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மற்றது, மினுக்கப் படலம். அது ஏறக்குறைய உறிஞ்சாது. நீரோடு உறவுடைய ஒன்றும் உறவில்லாத ஒன்றும் பிரிக்கமுடியாதபடி ஒட்டப்பட்டிருக்கின்றன. வளைவுக்கு மூலகாரணம் இதுவே.

கடதாசியும் காற்றின் ஈரமும்

கடதாசி மரநாரினாற் செய்யப்படுவது. மரத்திலிருந்து பிரிந்த பின்னும் அந்நார் நீர்மீது கொண்ட நாட்டத்தை இழப்பதில்லை. காற்று ஈரமாயின் நீரை ஏற்கும். காற்று வரண்டதாயின் நீரை விடும். ஒரு குறித்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கவல்லதோ, அதில் எத்தனை சதவீதம் உண்மையில் அக்காற்றில் இருக்கின்றது என்பதையே சாரீரப்பதன் என்பர். சாரீரப்பதன் 50 சதவீதமாயிருக்குமிடத்துச் சாதாரணக் கடதாசியின் நிறையில் ஏறத்தாழ 6 அல்லது 7 சதவீதம் நீராகும். சாரீரப்பதன் 85 சதவீதத்தை எட்டும்போது அந்நீர் 10 சதவீதத்தையும் தாண்டிவிடும்.

ஒரு சீட்டின் நிறை 2 கிராமுக்கும் சற்றுக் குறைவு. எனவே மழைக்கால அறையொன்றில் அது புதிதாய்க் குடிக்கும் நீர் ஓரிரு துளிக்கு மேற்படாது. பிள்ளையின் முகத்தை வாடவைப்பது அந்த ஓரிரு துளியே.

நாரானது நீரை உறிஞ்சும்போது எல்லாத் திசையிலும் ஒரேயளவாக விரிவதில்லை. நன்கு நனைந்த நார் அகலத்தில் 15 முதல் 20 சதவீதம்வரை பருக்கும். நீளத்திலோ 1 அல்லது 2 சதவீதமே நீளும். கடதாசி ஆலையிலே நார்களிற் பெரும்பாலானவை பொறி ஓடும் திசையிலேயே படிகின்றன. ஆதலால் கடதாசி அத்திசைக்குக் குறுக்கேதான் அதிகம் விரிகின்றது. சீட்டு கிண்ணம்போல எல்லாப் பக்கமும் குவியாமல், ஓடு போல ஒரு திசையில் மட்டும் வளைவதற்குக் காரணம் இதுவே.

ஈரத்தினால் நீண்டு குறுகும் பொருள் கடதாசி மட்டுமன்று. மனிதருடைய தலைமயிரும் அவ்வாறே. அத்தன்மையைக் கொண்டு சுவிற்சர்லாந்து அறிஞர் சொசூர் என்பவர் மயிர் ஈரமானியை ஆக்கி, 1783இல் வெளியிட்ட நூலில் விவரித்தார். அந்நோக்கில் வளைந்த சீட்டும் ஓர் ஈரமானியே. அது கெட்டுப்போகவில்லை, அறையின் காற்று எத்தகையது என்பதைச் சொல்லிக் கொண்டிருக்கிறது.

இரு படை சேர்ந்தால்

அப்பளம் இட்டு வெயிலில் உலர்த்தும் பெண்மணிகள் இவ்வுண்மையை நெடுங்காலமாகவே அறிவர். மேற்பக்கம் முதலில் உலர்ந்து சுருங்கும்; அடிப்பக்கம் இன்னும் ஈரமாய் விரிந்திருக்கும்; ஓரங்கள் மேல்நோக்கி எழும்பும். அதனாலன்றோ அதனை நேரத்துக்குப் புரட்டிப் போடுகின்றனர். அப்பளம் முழுவதும் ஒரே மா. ஆதலால் புரட்டினால் இருபக்கமும் சமமாகின்றன. சீட்டின் இருபக்கமும் வெவ்வேறு பொருளாதலால் புரட்டிப் போடுவதாற் பயன் இல்லை.

பௌதிகவியல் மாணவர் ஈருலோகச் சட்டத்தைப் படித்திருப்பர். வெப்பத்தால் அதிகம் விரியும் உலோகத் தகடு ஒன்றையும் குறைவாய் விரியும் தகடு ஒன்றையும் சேர்த்துப் பொருத்தினால், சூடேறும்போது அது குறைவாய் விரியும் தகட்டின் பக்கமாக வளையும். 18ஆம் நூற்றாண்டிலே கடற்பயண மணிக்கூடு செய்த ஜோன் ஹரிசன் இதனைப் பயன்படுத்தினார். பழைய மாதிரி மின்னழுத்தியின் சூட்டை மட்டுப்படுத்துவதும் இத்தகைய சட்டமே. சீட்டை வளைத்த விதியும், அதனைத் தேய்க்கவந்த மின்னழுத்திக்குள் இருந்த விதியும் ஒன்றே என்பது வேடிக்கையான உண்மை.

எவ்வளவு சிறிய விரிவு எவ்வளவு பெரிய வளைவைத் தரும் என்பதைப் பொறியியலறிஞர் திமொஷெங்கோ 1925இல் கணக்கிட்டுக் காட்டினார். அவர் காட்டிய வழியில் ஓர் உத்தேசக் கணக்குச் செய்து பார்ப்போம். கடதாசி படலத்தைவிட ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் அதிகமாய் விரிந்ததெனக் கொள்வோம். 63 மில்லிமீற்றர் அகலத்துக்கு அது ஏறத்தாழ எட்டில் ஒரு மில்லிமீற்றர்; கண்ணாற் காண்பதும் அரிது. ஆயினும் அதனால் சீட்டின் ஓரம் ஒரு மில்லிமீற்றருக்கு மேலாக எழும்பிவிடும். சீட்டு அவ்வளவு மெல்லியதாயிருப்பதே இதற்குக் காரணம்.

சாதாரணச் சீட்டு ஏன் இப்படி வளைவதில்லை? அதன் முகப்பும் முதுகும் ஒரேமாதிரி மையும் மெருகும் பூசப்பட்டவை. ஒரு பக்கம் இழுப்பதை மறுபக்கம் ஈடுசெய்கின்றது. ஒட்டுப்பலகையில் மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்பட எண்ணிலே படைகளை அடுக்குவதும் இச்சமநிலையை நாடியே. முன்னாளில் ஒளிப்படச் சுருள்கள் ஒருபக்கத்து ஜெலற்றின் பூச்சினால் சுருண்டு தொல்லை தந்தன. முதுகிலும் ஜெலற்றின் பூசிய சுருளாத சுருளைக் கொடாக் நிறுவனம் 1903இல் வெளியிட்டது. மினுக்கச் சீட்டுக்கு முதுகிலே அத்தகைய எதிர்ப்படை இல்லை.

எப்பக்கம் வளைந்துள்ளது?

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, பரிகாரத்துக்குமுன் வளைவின் பக்கத்தைப் பார்த்தல் வேண்டும். சீட்டைப் படம் மேலே இருக்குமாறு மேசைமீது வையுங்கள்.

ஓரங்கள் மேல்நோக்கி, படத்தின் பக்கமாக, எழும்பியிருப்பின் கடதாசி நீரை உண்டு விரிந்திருக்கின்றது. அறையில் ஈரம் அதிகம். நடுப்பகுதி மேலெழும்பி, ஓரங்கள் மேசையைத் தொடுமாயின் கடதாசி நீரை இழந்து சுருங்கியிருக்கின்றது. அது இருந்த இடம் மிக வரண்டது.

நமது நாட்டிலே பெரும்பாலும் காண்பது முதல் வகையே. அச்சகங்களிலே கடதாசி அலைக்கழியாதிருக்கப் பொதுவாகச் சாரீரப்பதனை 45 முதல் 55 சதவீதம்வரை வைத்திருப்பர். இலங்கையிலோ பகலில் ஏறத்தாழ 70 சதவீதமும், இரவில் 90 சதவீதம் அளவிலும் இருப்பது வழக்கம். பொதியின் உறை காக்கும்வரை தட்டையாயிருக்கும் சீட்டு, உறை கிழிந்ததும் வேறோர் உலகத்துக் காற்றைச் சந்திக்கின்றது. மாறாக, கனடா போன்ற நாடுகளில் மாரிகாலத்தே சூடேற்றப்பட்ட வீடுகளின் சாரீரப்பதன் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். அங்கே வெளியில் வைத்திருந்த சீட்டு முதுகுப் பக்கமாக வளைந்திருக்கும். அதே சீட்டு இங்கு வந்து சில நாளில் மறுபக்கம் வளையும். அனுப்பிய மாமாமீதும் குற்றமில்லை. வாங்கிய மருமகன்மீதும் குற்றமில்லை.

வேண்டிய பொருள்கள்

முதலாவது, நன்கு மூடும் பிளாஸ்திக் பெட்டி ஒன்று. இறப்பர் விளிம்புள்ள சாப்பாட்டுப் பெட்டி போதும். மூடி தளர்ந்த பிஸ்கற் பேணி உதவாது.

இரண்டாவது, சிறிய ஈரமானி ஒன்று. மலிவான ஈரமானிகள் சிலவேளை பிழையாய்க் காட்டும். ஆதலால் குசினி உப்பைக்கொண்டு அதனைச் சோதித்துக் கொள்ளலாம். போத்தல் மூடி ஒன்றில் உப்பை இட்டு, ஈரமணல் போலாகும்வரை சில துளி நீர் விடுங்கள். உப்புக் கரைந்துவிடக் கூடாது. அதனையும் ஈரமானியையும் பெட்டிக்குள் வைத்து இறுக மூடி, ஒரு பகலோ ஓர் இரவோ விட்டுவிடுங்கள். இத்தகைய உப்பின்மேல் நிற்கும் காற்றின் சாரீரப்பதன் 75 சதவீதமாகும். ஈரமானி 80 எனக் காட்டினால் அது ஐந்து கூட்டிச் சொல்கிறது எனக் குறித்துவைத்து, பின்னர் காணும் எண்களில் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சிலிக்கா ஜெல் என்னும் உலர்த்தி. புதுச் சப்பாத்துப் பெட்டிகளிலும் மருந்துப் போத்தல்களிலும் வரும் சிறு பொதிகளில் இருப்பது இதுவே. ஆனால் பழைய பொதிகள் பெரும்பாலும் முன்னமே ஈரத்தால் நிறைந்திருக்கும். நிறம் மாறும் மணிகளைத் தனியே வாங்குதல் நன்று. செம்மஞ்சள் நிற மணிகள் ஈரமுண்டதும் கரும்பச்சையாகும். அப்பொழுது அவற்றைத் தட்டிற் பரப்பி, ஏறத்தாழ 120 பாகை செல்சியஸ் சூட்டில் ஓவனில் ஓரிரு மணித்தியாலம் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்தல் அவசியம்.

நிமிர்த்தும் முறை

ஓரங்கள் படத்தின் பக்கமாக எழும்பிய சீட்டுக்குச் செய்ய வேண்டியவை பின்வருமாறு:

1. கையைக் கழுவி நன்கு துடைத்து, சீட்டின் ஓரத்தை மட்டும் பிடித்து, அதனை உறையிலிருந்து எடுங்கள். உறைக்குள் இருந்தால் ஈரம் வெளியேற நெடுநாள் செல்லும்.

2. பெட்டியின் அடியில் உலர்த்தியையும் ஈரமானியையும் வையுங்கள். ஐந்து கிராம் கொண்ட பொதி ஒன்றிரண்டு, சில சீட்டுகளுக்குப் போதும். உலர்த்தி சீட்டைத் தொடாதபடி இடையில் ஒரு தட்டோ வலையோ வைத்து, அதன்மேல் சீட்டுகளைத் தனித்தனியே பரப்பி மூடிவிடுங்கள்.

3. ஈரமானி 45 முதல் 50 வரை காட்டுவதே எமது நோக்கம். 40க்குக் கீழே இறங்கினால் உலர்த்தியில் ஒரு பகுதியை எடுத்துவிடுங்கள். நாள்தோறும் ஒருமுறை பாருங்கள். அடிக்கடி திறந்தால் வெளிக்காற்று உட்புகும்.

4. சீட்டு ஏறக்குறைய நிமிர்ந்ததும், முழுமையாய் நிமிரும்வரை காத்திராமல் எடுத்து உறையிலிட்டு, இரண்டு தட்டையான பலகைகளிடையே வைத்து, மேலே ஒன்றிரண்டு புத்தகங்களின் பாரம் மட்டும் ஏற்றி, சில நாள் விடுங்கள்.

ஈரம் குறைந்தால் உட்கொடுத்தும், கூடினால் உள்வாங்கியும் சாரீரப்பதனை ஒரே அளவில் நிறுத்தும் பொதிகளும் விற்கப்படுகின்றன. வயலின் போன்ற மர இசைக்கருவிகளுக்கென 49 சதவீத அளவில் செய்யப்பட்டவை சீட்டுக்கும் ஏற்றவை. அவற்றைச் சிலிக்கா ஜெல்லோடு ஒரே பெட்டியில் வைத்தல் கூடாது. ஒன்று கொடுப்பதை மற்றொன்று குடித்து இரண்டும் வீணாகும்.

வரட்சியால் முதுகுப் பக்கம் வளைந்த சீட்டுக்கு எதிர்முறை. நம் நாட்டிலே அதனை உறையின்றி அறையில் சில மணித்தியாலம் வைத்தாலே பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். பெட்டிக்குள் வைப்பதாயின் தனி நீரை வைக்காமல் மேற்கூறிய ஈர உப்பை வையுங்கள். நீரானால் பெட்டியின் ஈரம் 100 சதவீதத்தை நோக்கி ஏறும். உப்போ 75க்கு மேல் விடாது. மணிக்கொருமுறை பார்த்து, நிமிர்ந்தவுடன் எடுத்துவிட வேண்டும்.

பாரத்தை மட்டும் நம்பலாமா எனப் பலர் கேட்பர். தடித்த அகராதியின் கீழ் ஒரு மாதம் வைத்தாலும், கடதாசியில் ஏறிய நீர் அங்கேயே இருக்குமாயின், பாரத்தை எடுத்த சிறிது நேரத்தில் வளைவு திரும்பும். நீரின் அளவைச் சரிசெய்த பின் வைக்கும் பாரமே நிலைத்த பயன் தரும். நெடுநாள் வளைந்திருந்த சில சீட்டுகளில் மெல்லிய வளைவு எஞ்சி நிற்பதும் உண்டு. அதனை ஏற்றுக்கொள்ளுதலே நலம்.

செய்யத் தகாதவை

மின்னழுத்தி, தலைமயிர் உலர்த்தி, உச்சிவெயில் ஆகிய மூன்றும் ஆகா. சூட்டினால் பிளாஸ்திக் படலம் சுருங்கும், ஒட்டுப்பசை இளகும், படைகள் பிரியும். பிரிந்த படை மீண்டும் ஒட்டாது. கேத்தல் ஆவியிற் பிடிப்பதும் ஆகாது. மெருகு மங்கும், ஓரம் பருக்கும். எதிர்ப்பக்கமாகக் கையால் வளைத்து நிமிர்த்த முயல்வது மிகுந்த ஆபத்து. கடதாசி ஒருகால் பொறுத்தாலும், அலுமினியப் பூச்சிலே வெண்கோடு விழுந்துவிடும். அக்கோட்டை அழிக்க வழியில்லை. அரிசிக்குள் புதைப்பதாலும் பெரிய பயனில்லை. அரிசி வலிமை குன்றிய உலர்த்தி. தவிட்டுத் தூளும் வண்டும் சீட்டை அடையும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பர் முன்னோர். நாலு நாளில் ஆகும் காரியத்தை நாலு நிமிடத்தில் முடிக்க முயன்றோரே சீட்டை இழந்தோர்.

வருமுன் காத்தல்

பொதியை அடைமழை நாளிற் பிரிக்காமல், காற்று உலர்ந்த நாளிற் பிரித்தல் நன்று. மினுக்கச் சீட்டு வந்தால் உடனே உறையிலிடுக. இறுக்கமான உள்ளுறை ஒன்றிலிட்டு, அதன் திறந்த வாய் அடியில் அமையுமாறு வெளியுறை ஒன்றிலும் இட்டால் ஈரம் புகுவது பெரிதும் தாமதமாகும், முற்றாகத் தடைபடாது. உறை பொலிபுரோப்பிலீனால் ஆனதாயிருத்தல் வேண்டும். மணம் வீசும் மென்மையான பீ.வீ.சீ. உறைகள் நாளடைவில் சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

சீட்டுகளைப் பெட்டியில் நெருக்கமாக, நிமிர்த்தி அடுக்குக. பாதி வெறுமையான பெட்டியிலே அவை சாய்ந்து வளையும். வெறுமையை மட்டை கொண்டு நிரப்பலாம். வெளிச்சுவரைத் தொட்ட அலுமாரி, சீமெந்துத் தரை, குசினி, குளியலறைப் பக்கம் ஆகியன விலக்கத்தக்கன. வீட்டின் நடு அறையே நல்லிடம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுசெல்லும்போது பெட்டியைச் சிறிது நேரம் மூடியே வைத்திருக்க வேண்டும். ஈரமானியை மாதம் ஒருமுறையும், வடபகுதியில் ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும் பார்த்து, உலர்த்தியின் நிறம் மாறினால் மாற்றுக.

இப்பெட்டி சீட்டுக்கு மட்டும் உரியதன்று. சாரீரப்பதன் 65, 70 சதவீதத்துக்கு மேல் நீடித்து நிற்குமிடத்துப் பூஞ்சணம் வளரும். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் பாட்டனாரின் கல்யாணப் படமும் அலுமாரித் தட்டிலே பூஞ்சணம் பிடிப்பதற்கும் காரணம் அந்த ஈரமே. பழைய ஒளிப்படங்களில் ஒரு வேறுபாடு உண்டு. அவற்றின் முகப்பிலுள்ள ஜெலற்றின் கடதாசியிலும் அதிகமாய் நீரை உண்பது. ஆதலால் வரட்சியிலே அவை படத்தின் பக்கமாகச் சுருளும். மினுக்கச் சீட்டுக்கு இது நேர்மாறு. படத்தின் பக்கம் சுருண்ட பழைய ஒளிப்படத்தை மேலும் உலர்த்தினால் அது வெடித்துவிடும் என்பதை மறத்தலாகாது.

ஆட்டமும் நேர்மையும்

போட்டிகளிலே கலந்துகொள்ளும் மாணவருக்கு வளைவு வேறொரு வகையிலும் முக்கியமாகிறது. கட்டிலுள்ள சீட்டுகளை முதுகுப் பக்கத்திலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடாதென்பது ஆட்டத்தின் அடிப்படை விதி. கட்டிலே ஒன்று மட்டும் வளைந்திருந்தால், அது எங்கே இருக்கின்றதென்பது கைக்குத் தெரிந்துவிடும். அதனை அடையாளம் உள்ள சீட்டெனக் கருதி நடுவர் மாற்றும்படி கூறலாம், தண்டனையும் விதிக்கலாம். எந்தத் தீய எண்ணமும் இல்லாத பிள்ளை, மழைக்காலத்துக் காற்றினால் ஐயத்துக்கு ஆளாதல் பரிதாபம். எனவே போட்டிக்குமுன் கட்டு முழுவதையும் ஒரேவகை உறையிலிட்டு, வளைந்ததை விலக்கி, சாதாரணச் சீட்டை வைத்தல் தகும்.

சீட்டை மாற்றிக்கொள்ளும்போதும் விற்கும்போதும் வளைவை மறைத்தல் ஆகாது. காலையில் நிமிர்த்திக் கொடுத்தது மாலையில் வளையுமாயின், வாங்கிய தோழனின் நம்பிக்கையும் உடனே போய்விடும். "இது வளைந்திருந்தது; இப்படி நிமிர்த்தினேன்; பெட்டியில் வைத்துக்கொள்" என்று சொல்லிக் கொடுப்பவனிடம் மறுமுறையும் வருவார்கள்.

பெற்றோருக்கு இறுதியாக ஒன்று கூறுவோம். பிள்ளையின் சீட்டை அவனைக் கேளாமல் திருத்த வேண்டாம். ஓர் ஈரமானியையும் ஒரு கொப்பியையும் அவன் கையிற் கொடுங்கள். காலையும் மாலையும் அறையின் சாரீரப்பதனையும், சீட்டின் ஓரம் மேசையிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் எழும்பியிருக்கின்றது என்பதையும் அவனே அளந்து எழுதட்டும். நீங்களும் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரு மாதம் முடிவதற்குள் ஈரத்தைப் பற்றி அவன் அறிந்துகொள்வது பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயத்துக்குக் குறையாது. சீட்டும் தட்டையாகும். அடுத்த மழைக்காலத்தில் கல்யாணப் படங்களை எங்கே வைப்பது என்று அவனிடமே நீங்கள் கேட்கலாம்.